வெற்றுக் குழல்

இந்தக் குண்டும் விலகித்தான் போனது.

ஐம்பது மீட்டர் தள்ளி நின்ற அட்டையில் துளைகள் திசைக்கொன்றாகச் சிதறிக் கிடந்தன. மேனுஜா துப்பாக்கியை மேசையில் கிடத்தினாள்.

"துணிதான் மெல்லிசு, அண்ணா."

வாசு சிரித்தார். கோபமோ கேலியோ இல்லாத சிரிப்பு. அதுதான் அவளுக்கு எரிந்தது.

அது குழலின் வாய் வழியாக மருந்து போடும் பழைய மாதிரித் துப்பாக்கி. கரிமருந்தைக் குழலுக்குள் கொட்டி, ஈயக் குண்டைத் துணித்துண்டில் பொதிந்து, கோலால் கிட்டித்து இறக்க வேண்டும். மருந்து எவ்வளவு, துணி எவ்வளவு தடிப்பு என்பதில்தான் குறி நிற்கும். அடுத்த மாதம் ஓமானின் சோஹாரில் போட்டி. எந்த அளவு சரிவரும் என்று பார்க்கத்தான் ஷார்ஜாவுக்கு வெளியே பாலைவனத்து ஓரத்தில் இருந்த இந்த மைதானத்துக்கு விடுமுறை நாட்களில் வந்துகொண்டிருந்தார்கள்.

அணியில் இரண்டு பேருக்குத்தான் இடம். ஒன்று வாசுவுக்கு, துப்பாக்கி அவருடையது. இன்னொன்று மேனுஜாவுக்கு. அந்த இடத்துக்கு இப்போது வாசு தன் மைத்துனன் ரிஷியை நினைத்து வைத்திருந்தார்.

"சத்தம் கேட்டா உடம்பு தன்னால துள்ளுதும்மா. நீங்கல்லாம் அங்க பட்டது கொஞ்சமா நஞ்சமா? அதுல தப்பே இல்ல. போட்டிக்கு வா, எங்களோட உக்காந்து பாரு."

வாசுவின் குண்டு விலகினால் காற்று. மேனுஜாவின் குண்டு விலகினால் யுத்தம்.

அவள் வாயைத் திறந்து யாழ்ப்பாணத் தமிழில் நாலு வார்த்தை பேசினால் போதும், எதிரில் நிற்பவரின் முகம் இளகிவிடும். ஆபீஸிலும் அப்படித்தான். திட்டுகிறவர்களைத் திருப்பித் திட்டலாம். இரக்கப்படுகிறவர்களை என்ன செய்வது?

அதைவிட மோசம், போன வாரம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பஸ்ஸில், லிஃப்டில், கம்ப்யூட்டர் முன்னால் என்று உட்கார்ந்த இடத்திலெல்லாம், தனக்குள் எங்கேயாவது அந்தப் பயம் ஒளிந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"நான் பயப்பிடேல்ல. இன்னொருக்கா சுடுறன்."

மைதானத்தில் மருந்து நிரப்ப அஸ்கர் அலிக்கு மட்டும்தான் அனுமதி. பெஷாவர்க்காரர், அதிகம் பேசாதவர். வாசு அவருக்குக் கண்ணைக் காட்டியதை மேனுஜா கவனிக்கவில்லை. அஸ்கர் அலி முதுகைக் காட்டி நின்றுகொண்டு கோலை இறக்கினார், எடுத்தார், துப்பாக்கியை அவளிடம் நீட்டினார்.

அவள் தோளில் பொருத்தினாள். மூச்சைப் பாதியில் நிறுத்தி விசையை இழுத்தாள்.

டொக்.

வெடி இல்லை. புகை இல்லை. குழலுக்குள் ஒன்றுமே இல்லை.

வெடிக்கப் போகிறது என்று பயந்து இழுக்கிறவரை வெற்றுக் குழல் காட்டிக் கொடுத்துவிடும். சத்தம் வருவதற்கு முன்பே கை துள்ளும், துப்பாக்கி முனை கீழே குனியும்.

மேனுஜாவின் முனை குனியவில்லை. அதன் மேல் ஓர் ஈ உட்கார்ந்திருந்தாலும் பறந்திருக்காது.

"காலின்னு தெரிஞ்சிருக்கும்" என்று வாசு முணுமுணுத்தார். "கொடு, நான் காட்டறேன்."

அஸ்கர் அலி நிரப்பிக் கொடுக்க, வாசு சுட்டார். துளை அட்டையின் ஓரத்தில் விழுந்தது. அவர் வானத்தைப் பார்த்தார், காற்றைத் தேடுகிறவர் போல.

அஸ்கர் அலி மறுபடியும் முதுகைக் காட்டி நின்று, கோலை இறக்கி எடுத்து, துப்பாக்கியை வாசுவிடம் நீட்டினார். இந்த முறை யாரும் கண்ணைக் காட்டவில்லை.

டொக்.

வாசுவின் துப்பாக்கி முனை மேசையில் போய் இடித்தது.

அஸ்கர் அலி யாரும் சுடாதிருக்கச் சிவப்புக் கொடியை ஏற்றிவிட்டு மணலில் இறங்கி நடந்தார். குண்டோடு பறந்து விழுந்த துணித்துண்டுகளைப் பொறுக்கி வந்து மேனுஜாவின் உள்ளங்கையில் போட்டார். மருந்தின் சூட்டைத் தாங்காமல் ஒவ்வொன்றும் நடுவில் கருகி ஓட்டையாகியிருந்தது.

அவள் கைப்பையிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். கோடு போட்ட தடித்த மெத்தைத் துணி. ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவில் ஒரு தையல் கடையில் கேட்டு வாங்கியது. அதைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கும்போதெல்லாம் வாசு வேண்டாம் என்றிருந்தார். இன்று அவள் கேட்கவில்லை.

அதை வைத்து மூன்று குண்டுகள். மூன்று துளைகளையும் ஒரு சுலைமானி டீ கிளாஸைக் கவிழ்த்து மூடிவிடலாம்.

வாசு அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். தோற்றதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. வேறொன்று புரியாமல் தவித்தார்.

"அவ்வளவு குண்டுச் சத்தத்துல வளர்ந்துட்டு, எப்படிம்மா உனக்குக் கை நடுங்கல?"

"நான் பிறந்தது ஓமானில, சலாலாவில, அண்ணா. படிச்சது, வளர்ந்தது எல்லாம் அங்கதான். சண்டையை டிவியிலதான் பார்த்தனான்."

"அப்ப இத்தனை நாளா ஏன் சொல்லல?" என்று வாசு கேட்டார்.



சலாலாவில் தேசிய தின இரவுகளில் வாணவேடிக்கை தொடங்கியதும், அம்மா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பாள். 'அதெல்லாம் எனக்கில்லை' என்று ஒருவரிடம் சொல்வது, அம்மாவை அந்தத் தரையில் தனியாக விட்டுவிட்டுக் கதவை வெளியிலிருந்து சாத்துவது போல இருந்தது மேனுஜாவுக்கு.

அவள் துப்பாக்கியை எடுத்து, இன்னொன்று நிரப்பச் சொல்லி அஸ்கர் அலியிடம் நீட்டினாள்.

"பாய், அவுர் ஏக்."