பனி ஊரு வண்டி

ரங்கூன் இன்சீன்ல, வீட்டு வாசல்ல நெல்சனோட பழைய ஜப்பான் காரு கழுவித் தொடச்சு பளபளன்னு நிக்குது. மக ஆன்மேரிய நர்ஸ் படிப்புக்கு சிங்கப்பூர் அனுப்பணும்னா இன்னைக்கு இத வித்தாகணும். வாங்க வந்த பர்மாக்காரப் பெரியவரு ஊ டின் வின் லோஞ்சிய இறுக்கிக் கட்டிக்கிட்டு பானெட்டத் தடவித் தடவிப் பாக்கறாரு. மழை இப்பதான் விட்டிருக்கு, கூரைத் தகரம் இன்னும் சொட்டுது. உள்ள, பொஞ்சாதி ஜெசியோட தம்பி பிலிப், ஜப்பான்ல வேலை பாத்துட்டு போன வாரம் வந்தவன், பனியில சறுக்குற பலகைக்கு அக்காவோட இஸ்திரிப் பெட்டியால மெழுகு தேய்ச்சுக்கிட்டு இருக்கான். ரங்கூன்ல ஏதுப்பா பனி! வந்ததுல இருந்து அவன் வாய் ஓயல. நெல்சனோட ஷூவுக்கு வெறுங்காலே தேவலையாம். ஆன்மேரியோட கம்ப்யூட்டரு பழைய இரும்புக்குப் போடத்தான் லாயக்காம். இப்ப எந்திரிச்சு வாசலுக்கே வந்துட்டான்.

"அத்தான், இது பனி ஊரு வண்டி. நான் சறுக்கப் போற மலையில பனி கரையறதுக்கு ரோட்டு மேல உப்பக் கொட்டுவாங்க. அடியில பூரா துரு அரிச்சிருக்கும்."

நெல்சன் பல்லக் கடிக்கறான். அடியில அடிச்ச கறுப்பு பெயிண்ட் வாடை அவன் கைய விட்டு இன்னும் போகல. நல்லவேளை, தமிழ்ல சொன்னான்.

"வாய மூடுடா."

பிலிப் மூடல. அதையே பர்மிய பாஷையிலயும் சொல்றான், சிரிச்சுக்கிட்டே. பெரியவரு கை பானெட்ட விட்டு எறங்குது. மெதுவா குனியறாரு. பிலிப்பும் பக்கத்துல மண்டி போட்டு, போன் டார்ச்ச அடிச்சுக் காட்டறான்.

"ஜெசி," காரையே மொறச்சுக்கிட்டு கூப்புடறான் நெல்சன், "உன் தம்பி ராத்திரி எங்க தங்கப் போறான்னு கேளு."