மூடி வெளியே இருக்கிறது

மார்ச் 9. பிலிம் கழுவும் டப்பாவின் மூடியை வெளியே மேசைமேல் விட்டுவிட்டேன். பழைய சாமான் கடையில் வாங்கிய கேமராவுக்குள் யாரோ மறந்துபோன பிலிம் சுருள் இருந்தது. புகைப்பட மாலை வகுப்பில் சொன்னபடி குளியலறையை இருட்டாக்கி, தாழிட்டு, சுருளை டப்பாவுக்குள் இறக்கியபிறகுதான் மூடியைத் தேடுகிறேன். கதவைத் திறந்தால் வெயில் பட்டுப் படங்கள் அழிந்துவிடும். டப்பாவின் வாயை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு நிற்கிறேன். குழாய் சொட்டுகிறது. வியர்வை மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை. அண்ணி கதவைத் தட்டுகிறார்.

“உள்ள என்ன, குடித்தனமா நடத்துற?”

“இருட்டட்டும் அண்ணி. இப்பத் திறந்தா எல்லாம் போயிடும்.”

“யாரு மூஞ்சிக்கோ நீ காவலா? எனக்கு அவசரம்டி!”

“இன்னும் கொஞ்ச நேரம்தான்.”

“அப்ப சூரியனைச் சீக்கிரம் கிளம்பச் சொல்லு.”

காலடி ஓசை விலகவில்லை. கதவடியில் நான் திணித்த துண்டை யாரோ வெளியிலிருந்து இன்னும் இறுக்குகிறார்கள்.

நாளை: கழுவிக் காய்ந்த சுருளில் முகம் ஏதும் தெரிகிறதா என்று அண்ணியோடு பார்க்க வேண்டும்.