கேப்டன் கப்பலைத் திருப்பினாரா?

"கப்பல் திரும்பியே ஆகணும் சார். திரும்பலைன்னா அந்தப் படத்தை ஒரு காட்சிகூட ஓட விடமாட்டோம்!"

கண்ணாடிக் கடைக்காரர் மேசையைத் தட்டிய தட்டில் மூன்று ஃபிரேம்கள் கீழே விழுந்தன. எதிரே உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர் அவற்றை நிதானமாகப் பொறுக்கி மேலே வைத்தார். புதுக் கண்ணாடி வாங்க வந்தவர் வந்த வேலையை மறந்து அரை மணி நேரம் ஆகிறது.

ஒற்றைக்கண் கேப்டன் காமிக்ஸ் சினிமாவாகிறது. அதுதான் விவகாரம். காமிக்ஸில், படகைத் திருடிக்கொண்டு ஓடிய கேப்டனின் தம்பி நடுக்கடலில் ஒரு பாறையில் மாட்டிக்கொள்வான். கடைசிப் பக்கத்தில் கேப்டன் கப்பலைத் திருப்பி வந்து அவனை ஏற்றிக்கொள்வார். சினிமாவில் கப்பல் திரும்பாதாம். டைரக்டரே பேட்டியில் சொல்லிவிட்டார். ரசிகர் மன்றத் தலைவரான கண்ணாடிக் கடைக்காரருக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

"அந்த கேப்டன் நிஜமாவே வாழ்ந்தவன்யா. தம்பியை அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டான்னுதான் சரித்திரத்துல இருக்கு" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"சரித்திரம் எழுதினவன் கப்பல்ல கூடவே போனானா?"

"காமிக்ஸ் எழுதினவன் மட்டும் போனானாக்கும்! அதை விடு. கண்ணாடிக் கடை வச்சிருக்கிற உனக்கு ஒத்தைக் கண்ணனைத் தவிர வேற ஹீரோவே கிடைக்கலையா? அவனுக்குப் பாதி கண்ணாடிதானே விக்க முடியும்?"

கண்ணாடிக் கடைக்காரர் சிரிக்கும் நிலையில் இல்லை. "எங்கண்ணனையே கேளுங்க. அந்தப் புத்தகம் அச்சான பிரஸ்லதான் அவர் வேலை பார்த்தார்."

அண்ணன் வாசலில் நின்று கண்ணாடிக் கதவில் 'கண் பரிசோதனை இலவசம்' என்று பெயிண்டால் எழுதிக்கொண்டிருந்தார். ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம் என்று தம்பி எத்தனை முறை சொன்னாலும் கேட்கிற ஆளில்லை.

"படமெல்லாம் வெளிநாட்டுலேர்ந்து வரும். அவங்க பேசற பலூனுக்குள்ள நம்ம தமிழ் எழுத்தைப் போடறதுதான் என் வேலை. கதையை யாரு கவனிச்சா?" என்றார் திரும்பிப் பார்க்காமலே.

"பரவாயில்ல. இன்னிக்கு நாலு மணிக் கூட்டத்துக்கு டைரக்டரே அந்த வெளிநாட்டு மூலப் புத்தகத்தைக் கொண்டு வர்றார். முந்நூறு பேர் முன்னாடி கடைசிப் பக்கத்தைப் பிரிச்சுக் காட்டச் சொல்லப் போறேன். அதுல கப்பல் திரும்பலைன்னா மன்றத்தையே கலைச்சிடறேன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்."

"ஒரு பொம்மைக் கதைக்கு இவ்வளவு ரோஷமா?"

கண்ணாடிக் கடைக்காரர் குரலைத் தணித்தார்.

"உங்களுக்குப் பொம்மைக் கதை. எனக்கு அப்படியில்ல சார். பதினாலு வயசுல பரீட்சையில கோட்டை விட்டுட்டு, அண்ணன் சைக்கிளையும் வித்துட்டு வீட்டை விட்டு ஓடிட்டேன். ரெண்டு மாசம், எங்கேயோ ஒரு ஊர் பஸ் ஸ்டாண்டுல கிடந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, வாரா வாரம் வாங்கற மாதிரி இந்தப் புத்தகத்தை வாங்கிப் படிக்கிறேன், கேப்டன் கையை நீட்டி, 'ஏறுடா, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்'னு சொல்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதுட்டேன். அடுத்த பஸ்ஸுல வீடு வந்து சேர்ந்தேன். அந்தப் பக்கமே பொய்யின்னு ஒருத்தன் சொன்னா, நான் அப்ப எதை நம்பித் திரும்பி வந்தேன்?"

வாசலில் பிரஷ் பாதி எழுத்தில் நின்றது.

"பசி தாங்கலைன்னுல்லடா வந்து சொன்னே?"

"காமிக்ஸ் படிச்சுட்டு வந்தேன்னு எப்படிண்ணே சொல்றது? வெக்கமா இருந்துச்சு."

மருந்துக்கடைக்காரருக்கு அதற்கு மேல் வாதாட மனம் வரவில்லை. "சரி, ஜெயிச்சுட்டு வா" என்று அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். கண்ணாடி வாங்க மறந்தே போனார்.

மணி மூன்றே முக்கால். கண்ணாடிக் கடைக்காரர் பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்தியிருந்த பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அண்ணன் வழியை விடவில்லை.

"போகாதேடா."

"ஏண்ணே?"

"அவர் கொண்டு வர்ற புத்தகத்துல கப்பல் திரும்பாது. கேப்டன் விட்டுட்டுப் போயிடுவார். டைரக்டர் சரியாத்தான் எடுத்திருக்கார்."

தம்பி அப்படியே வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தைந்து வருட நம்பிக்கை ஒரே நிமிடத்தில் காலை வாரிவிட்டது.

"அப்ப என் கையில இருக்கிறது?"

"கடைசிப் பக்கம் மட்டும் நான் வரைஞ்சது. அந்த வாரம் முதலாளி ஊர்ல இல்ல. முந்தின பக்கங்களைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி வரைஞ்சு, பழசை எடுத்துட்டு இதைச் சேத்துட்டேன்."

தம்பிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இருபதாயிரம் பேர் படிக்கிற புத்தகம்ணே! அத்தனை பேரையும் ஏமாத்தி, மூலக் கதையையே மாத்த உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அண்ணன் பிரஷைத் துணியில் துடைத்தார்.

"இருபதாயிரம் பேரை நான் எங்கடா நெனச்சேன்? ரெண்டு மாசமாத் தேடியும் நீ எந்த ஊர்ல இருக்கேன்னு தெரியல. எந்த ஊர்ல இருந்தாலும் நீ வெள்ளிக்கிழமை அந்தப் புத்தகத்தை வாங்காம இருக்கமாட்டேன்னு மட்டும் தெரியும்."