கோவா நூடில்ஸ்

"இது நூடில்ஸா, மாட்டுக்குப் போடுற தழையா?" என்று கேட்டார் கஸ்பர் கணக்கப்பிள்ளை.

"நூடில்ஸ்தாங்க. கோவா இலையை நூல் நூலா அரிஞ்சு, லீக்ஸும் கரட்டும் போட்டு, சோயா சோஸ் ஊத்தி வதக்கியிருக்கேன். கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க, வித்தியாசமே தெரியாது" என்றாள் மனைவி ஐவி.

கஸ்பர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். வித்தியாசம் தெரிந்தது.

கொட்டகலைக் கடைகளில் நூடில்ஸ் பக்கற்றுகள் தொங்க ஆரம்பித்ததிலிருந்து மனிதருக்கு இரண்டு வேளையும் அதுதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர் சட்டைப் பொத்தான் தெறித்துப் போய் முன்னால் இருந்த உபதேசியாரின் வழுக்கையில் பட்ட பிறகுதான், ஐவி அவரை அட்டன் டொக்டரிடம் இழுத்துப் போனாள்.

எடை இருநூற்றுப் பத்து றாத்தல். பிரஷரும் இருந்தது. எடையைக் குறைக்காவிட்டால் ஆபத்து என்று டொக்டர் சொன்னதிலிருந்து ஐவிக்குச் சரியான தூக்கமில்லை. அவர் மட்டும் தனியாகத் தின்ன வேண்டாமே என்று, ஒல்லிக்குச்சியான அவளும் அந்தக் கோவாவையே தின்றாள்.

வீட்டில் கோவா. வழியில் கடை ரோல்ஸ் எத்தனை உள்ளே போனதோ, அது ஆண்டவருக்குத்தான் தெரியும்.

ஒரு மாதம் கழித்துக் கஸ்பர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"பத்து றாத்தல் கொறைஞ்சிட்டேன் ஐவி. மடுவத்துத் தராசுல தொங்கிப் பார்த்தேன்."

ஐவி நம்பவில்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கே போய்விட்டாள். கஸ்பர் தராசுக் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை மடக்கி, பலாப்பழம் மாதிரித் தொங்கிக் காட்டினார். முள் இருநூறில் நின்றது. ஐவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் கொறையிறது சரி. இந்தப் பொம்பளைங்களோட கொழுந்துமில்ல கொறைஞ்சுக்கிட்டே போகுது" என்றார் இறங்கிய கஸ்பர். "றாத்தல் போதாம இன்னைக்கும் அழகம்மாவுக்கு அரைப்பேர்தான் போட்டேன்."

"அரை நாள் சம்பளத்துல அவ என்னங்க பண்ணுவா?"

"கதை பேசாமக் கொழுந்தெடுக்கணும்."

"அதுவும் சரிதான்" என்றாள் ஐவி.

அடுத்த வாரம் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் புதுத் தராசு வந்தது. அதில் நிறுத்துப் பார்க்க வேண்டாம் வேண்டாம் என்றார் கஸ்பர். ஐவி விடவில்லை. தன் கோவாவின் பெருமையை நாலு பேர் பார்க்க வேண்டாமா?

வரிசையில் அழகம்மாவும் பூரணியும் இன்னும் சில பெண்களும் இருமிக்கொண்டு நின்றார்கள். கஸ்பர் தராசில் ஏறினார். யாழ்ப்பாணத்து டொக்டர் ஐயா செல்வரத்தினம் குனிந்து பார்த்தார்.

"இருநூற்றிப் பத்து. ஒரு றாத்தலும் குறையேல்லையே."

"ஒங்க தராசு தப்புங்க ஐயா" என்றாள் ஐவி. "மடுவத்துல இருநூறுதான். நானே கண்ணால பார்த்தேன்."

"இது இண்டைக்குத்தான் பெட்டி உடைச்சது, பிள்ளை. பிழையெண்டால் அந்தத் தராசுதான் பிழை."

வரிசையில் இருமல் நின்றுபோனது.

"அப்ப, மடுவத்துத் தராசு கணக்கப்பிள்ளை ஐயாவுக்கே பத்து றாத்தலைக் கொறைச்சிருச்சா?" என்று அழகம்மா மெதுவாகக் கேட்டாள்.

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூரணி சிரிக்கவில்லை.

"அது... ஈரக் காத்துல முள்ளு..." என்று ஆரம்பித்தார் கஸ்பர். தலையைக் குனிந்து தன் காலைப் பார்க்கப் போனார். வயிறு மறைத்தது.

ஐவி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அழகம்மாவைப் பார்த்தாள்.

மறுநாள் மடுவத்தில் எல்லாப் பெண்களின் கொழுந்தும் ஒரேயடியாகப் பத்து றாத்தல் கூடியது. யாருக்கும் அரைப்பேர் விழவில்லை.

களைத்துப் போய் வீட்டுக்கு வந்த கஸ்பரின் முன்னால் ஐவி பீங்கானை வைத்தாள். ஆவி பறக்கும் அசல் நூடில்ஸ். மேலே முட்டை வேறு.

"கோவா இல்லையா ஐவி? நான் எடையைக் கொறைக்க வேணாமா?"

"வேணாங்க" என்றாள் ஐவி. "நீங்க இதுவரைக்கும் கொறைச்ச எடையே போதும்."