தோர்வாவின் அரைமணி நேரம்

அடையாறில் இருந்த அந்த ஒற்றை அறைதான் பதினொரு நாடுகளுக்கும் தூதரகம். மூலையிலிருக்கும் கம்பத்தில் எந்தக் கொடி ஏறுகிறதோ, அது இறங்கும்வரை அறை அந்த நாட்டு மண். முத்திரை குத்துவதும் கொடி மாற்றுவதும் எழுத்தர் மரகதவல்லியின் வேலை. யாரும் உறவு வைத்துக்கொள்ளாத தோர்வாவுக்கு வாரத்தில் அரைமணி நேரம்தான், செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு.

மூன்றரைக்கு அவள் கயிற்றில் கைவைத்தபோது ஜெயசீலன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அக்கா, பஸ்ஸு வழியில நின்னுடுச்சு. என் பொண்டாட்டி தோர்வால இருக்கா. வெள்ளிக்கிழமை பிரசவம். இன்னிக்கு விசா முத்திரை விழலன்னா அடுத்த செவ்வாய்தான்."

"நேரம் முடிஞ்சிடுச்சேப்பா."

அடுத்த கொடிக்குரிய நாட்டின் அதிகாரி தணிகைவேல் வாசலுக்கு வெளியே வந்து நின்றிருந்தார். தோர்வாக்காரர்களோடு பேசவே கூடாதென்று சட்டம் போட்ட நாடு அது. அவர் ஒரு புகார் எழுதினால் அவள் வேலை போய்விடும்.

அவர் கயிற்றைப் பார்த்தார். "என்னம்மா, முடிச்சு இறுகிப்போச்சா?"

முடிச்சு தளர்வாகத்தான் இருந்தது. அவளுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. "ஆமா சார், ரொம்ப."

"மெதுவா அவுருங்க. நான் நிக்கிறேன்."

அவள் கயிற்றை விட்டுவிட்டு முத்திரை குத்தினாள். ஜெயசீலன் அவரைப் பார்த்துக் கைகூப்பினான். அவர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோர்வா மண்ணிலிருந்து வரும் வணக்கத்தை அவர் ஏற்கக் கூடாது.

ஜெயசீலன் வாசற்படியைத் தாண்டிச் சென்னைக்கு வந்து, அவர் கையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப நன்றி சார்."

"யாருப்பா நீ? எதுக்கு நன்றி?" என்று சிரித்தார் தணிகைவேல். "ஓடு, ஓடு. உன் புள்ள செவ்வாய்க்கிழமை பாத்துப் பொறக்காது."