சூசோக் வயிற்றுவலி

"நாளைக்கு சூசோக் பண்டிகை, முன்னோருக்குச் சமைச்சுப் படைக்கணும். இன்னிக்குப் பார்த்துக் கையை உடைச்சுக்கிட்டு வந்து நிக்கறா பாரு, மகராசி!"

மாமனாரின் அக்கா மக்சூன் அத்தை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். மருமகள் நாரே குனிந்து வணங்கினாள். வலது கையில் முழங்கை வரை வெள்ளைக் கட்டு.

அத்தனையும் பொய். கை நன்றாகத்தான் இருந்தது.

வயிறுதான் சரியில்லை. ஒவ்வொரு சூசோக்குக்கும் ஒரு வாரம் முன்பே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நெஞ்சு படபடக்கும், தூக்கம் போய்விடும். சியோலில் டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "உடம்புல ஒண்ணும் இல்லைம்மா. புகுந்த வீட்டுக்குப் போகணுமா?" என்று மட்டும் கேட்டார்.

போன வருஷம் அவள் பிய்த்துவிட்ட பூசணி வறுவலை அத்தை பத்துப் பேர் முன்னால் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். நினைத்தாலே இப்போதும் உள்ளங்கை வியர்த்தது. வயிற்றுவலி என்றால் யார் நம்புவார்கள்? அதனால்தான் இணையத்தில் இந்தப் பொய்க்கட்டை வாங்கினாள். கணவன் இன்சுவிடமும் படிக்கட்டில் விழுந்ததாகத்தான் சொல்லியிருந்தாள்.

மாமியார் ஓக்பூன் கட்டை ஒரு தடவை பார்த்தார். சமையலறைக்குப் போனார்.

"எல்லாத்தையும் நீயே இழுத்துப் போட்டுக்க, ஓக்பூன். மருமக பொம்மையாட்டம் உக்காந்திருக்கட்டும்!" என்றாள் அத்தை.

நாரே சமையலறைப் பக்கம் பார்த்தாள். தன்னால் அந்த மனுஷி தனியாக அடுப்படியில் வேகப்போகிறார். கட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தே விட்டாள்.

உள்ளே டமால் என்று சத்தம். "ஐயோ, என் கை!"

மாமியார் மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். "பானையைத் தூக்கினேன், பிசகிடுச்சு. அண்ணி, நீங்களாவது..."

"என் இடுப்பு இருக்கற நிலைமையில நான் அடுப்படியில நிக்கறதாவது!"

"அப்போ படையலுக்கு என்ன பண்றது?" மாமியார் டி.வி. பக்கம் திரும்பினார். மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்த மாமனாரும் இன்சுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்பாவும் பிள்ளையும் சுட்டதில் பாதி கருகியது. பிடித்த கொழுக்கட்டையெல்லாம் வாயைப் பிளந்தது. அத்தை மட்டும் வாயைத் திறக்கவில்லை. சொந்தத் தம்பி சுட்டதை எப்படிப் பழிப்பது? மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேரிக்காய் தின்றார்கள்.

மறுநாள் படையல் முடிந்தது. இன்சு காரை எடுத்துவரப் போயிருந்தான். மாமியார் கிம்ச்சி ஊறுகாய் டப்பாவை நீட்டினார். நல்ல கனம். பெரியவர்கள் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கித்தானே பழக்கம். நாரே அப்படியே வாங்கிவிட்டாள்.

வாங்கிய பிறகுதான் சுருக்கென்றது. வயிறு மறுபடியும் இழுத்துப் பிடிக்க, டப்பாவோடு குனிந்துகொண்டாள்.

"அம்மா, நான் வந்து..."

மாமியார் துணி சுற்றிய கையாலேயே இன்னொரு டப்பாவைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

"முப்பது வருஷமா சூசோக் வந்தா எனக்கும் வயிறு பிடிச்சுக்கும்மா," என்றார் தணிந்த குரலில். "அடுத்த வருஷம் எனக்கும் உன் கட்டு மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வந்துடு. இந்தத் துணிக்கட்டை நம்ப வைக்கறதுக்காக நல்ல பானையைக் கீழே போட வேண்டியதாப் போச்சு!"