பூக்கேட்ட படலம்

இரண்டு பொட்டலங்களிலும் செவ்வரளியே இருந்தது.

அதை அறிந்தவள் அவள் ஒருத்தி. அறிந்த மற்றவன் கருவறைக்குள் வேலேந்தி நின்றான். அவனுக்குக் கண்கள் பன்னிரண்டு. ஆனால் வாய்திறந்து எவரையும் காட்டிக்கொடுத்ததில்லை.

வெள்ளைப் பூ வந்தால் திருமணம். சிவப்பு வந்தால் இல்லை. குன்றின்மேல் முருகன் சொன்னால் சொன்னதுதான். அதற்குமேல் முறையிடக் கும்பினியார் கச்சேரியிலும் இடமில்லை.

வெள்ளை ஒன்றும் சிவப்பு ஒன்றுமாகப் பூவைத் தனித்தனி இலையில் பொதிந்து கட்டுவது பெண்வீட்டார். தட்டைச் சந்நிதிக்குச் சுமப்பது பிள்ளைவீட்டார். ஒருவரை ஒருவர் ஏமாற்றாதிருக்க முன்னோர் கண்ட முறை.

அவள் வெள்ளை நந்தியாவட்டையைத் தொடவேயில்லை. செந்நிறம் முருகனுக்கு உகந்தது. உகந்ததைக் கொடுப்பது பிழையாகாது. வாழைநாரை இறுக்கும்போதே தன் வழக்குக்குத் தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டாள்.

வேறென்ன செய்வாள்? ஒன்பது வரன்களைத் தட்டிக்கழித்ததில் இருபத்திரண்டு வயதாகிவிட்டது. பத்தாவதைக் கொண்டுவந்த தரகர் தீத்தாரப்ப பிள்ளை மூன்று மாதமாக மாப்பிள்ளையின் புகழைப் பதிகம்போல் பாடிவந்தார்.

"பையன் பரம சாது, தாயி. நம்ம கோயில் நந்தி இருக்குல்லா? அதுகூட ஒரு நேரம் அசைஞ்சாலும் அசையும்."

நந்தியோடு குடித்தனம் நடத்த அவள் விரும்பவில்லை. அப்பாவிடம் அதைச் சொல்லத் துணிவில்லை. ஆகவே முருகனைச் சொல்லவைத்தாள்.

இப்போது அந்த நந்தி தட்டேந்தி நடந்து வந்தது.

நெற்றி நிறைய நீறு. இதழில் மந்திரம். பாதி மூடிய விழிகள்.

பெண்கள் வரிசையின் கடைசியில், தூணோரம் நின்றாள் அவள். தூணுக்கு அப்பால் பிறர் பார்வை எட்டாத இரண்டடி இடம் இருந்தது. அங்கே வந்ததும் அவன் நடை தளர்ந்தது.

வலக்கை மடிக்குள் போயிற்று. திரும்பியபோது அதில் இரண்டு பொட்டலங்கள். தட்டில் இருந்தவை மடிக்குள் மறைந்தன. மடியில் இருந்தவை தட்டில் அமர்ந்தன.

இதழ்கள் ஒரு மந்திரத்தையும் தவறவிடவில்லை.

பிறகு நிமிர்ந்தான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான், தான் காணாவிட்டால் தன்னையும் எவரும் காணார் என்பதுபோல. சற்றுப் பொறுத்து ஒரு கண்ணை மட்டும் திறந்து, அவள் இன்னும் பார்க்கிறாளா என்று பார்த்தான்.

முந்தானையை வாயில் திணித்துக்கொள்ள நேர்ந்தது அவளுக்கு.

தெய்வத்தின் முன்னிலையில் களவாடத் துணிந்தவனோடு ஒரு வீட்டில் வாழலாம். பேச்சுக்குக் குறைவிராது.

ஆனால் அவன் மாற்றி வைத்தவை வெள்ளையா, சிவப்பா?

வெள்ளை, வெள்ளை என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. முருகா, சற்றுமுன் வேறொன்று கேட்டேன். அதை மறந்துவிடு.

குருக்கள் கண்மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தார்.

செவ்வரளி.

அப்பா பெருமூச்செறிந்தார். தீத்தாரப்ப பிள்ளை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கேட்டது கிடைத்தவன் அவன் ஒருவன்தான். அவன் முகத்திலோ தன் வீட்டில் தானே கன்னமிட்டவனின் களை இருந்தது.

பிரிக்காத பொட்டலத்தைச் சுனையில் விடுவது வழக்கம். குருக்கள் அதை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

நீரில் விழுந்துவிட்டால் அது தெய்வத்தின் சொல். விழுமுன் பிரித்து, இரண்டும் சிவப்பென்று கண்டால், கேட்ட பூ செல்லாது, மறுபடி கேட்கலாம். ஆனால் கட்டியவள் அவள் என்பது ஊரறிந்தது. பழி அவள் தலையில்தான் விடியும். சாமியை ஏமாற்றியவளுக்குப் பதினோராவது வரனைத் தீத்தாரப்ப பிள்ளையும் கொண்டுவர மாட்டார்.

மூன்று படி இருந்தது. இரண்டு இருந்தது.

"சாமி, அதையும் பிரிச்சிருங்க."

அது தன் மகளின் குரல் என்று அப்பாவுக்கு உடனே விளங்கவில்லை.

குருக்கள் பிரித்தார். செவ்வரளி.

"இதைக் கட்டினது யாரு?"

"நான்தான் சாமி," என்றாள்.

"அவுக இல்ல, நான்," என்று ஆண்கள் பக்கமிருந்து அவன் வந்தான். "வர்ற வழியில மாத்திட்டேன். அவுக மேல ஒரு குத்தமும் கிடையாது. அவுக கட்டினது இந்தா இருக்கு, நீங்களே பாருங்க."

அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். அவன் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டான். மடியிலிருந்த இரண்டையும் எடுத்து, எல்லாரும் காணத் தானே பிரித்துக் கொட்டினான்.

தட்டில் செவ்வரளி நான்காயின.



அவன் நான்கையும் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு தரகரிடம் திரும்பினான்.

"அண்ணாச்சி, சூதுவாது தெரியாத புள்ளைன்னுல்லா சொன்னீய."

அந்தக் குரலில் குறையேதும் இல்லை. புதையல் கண்டவன் இடத்தை மறுபடி விசாரிப்பதுபோல் இருந்தது.

குருக்கள் சந்நிதியை நோக்கினார். அங்கிருந்து உத்தரவு ஒன்றும் வரவில்லை. பூக்கூடைகள் இரண்டையும் இலையையும் நாரையும் எடுத்து அவர்கள் நடுவே வைத்தார்.

"ஆளுக்கு ஒண்ணாக் கட்டுங்கோ. ஒருத்தர் கையை ஒருத்தர் பாத்துண்டே கட்டுங்கோ."

பார்த்துக்கொண்டே கட்டினார்கள்.

செவ்வரளிக் கூடையின் பக்கம் ஒரு கையும் போகவில்லை.

குருக்கள் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கை நெடுநேரம் தூண்டிக்கொண்டிருந்தார்.